வேலையும் உடல்நலமும்: வேலை செய்ய முடியாத நிலை எப்படி வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிடத்தில் கீழே விழுந்து கால் முறிந்தால் அது விபத்து என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். பதிவேட்டில் ஏறும், இழப்பீட்டைப் பற்றிப் பேச்சு வரும். ஆனால் இருபது ஆண்டுகள் குனிந்து குனிந்து வேலை செய்து முதுகு போனால், "வயதாகிவிட்டது, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள். சத்தமில்லாமல் வரும் அந்த இரண்டாவது வகைப் பாதிப்பைப் பற்றித்தான் இந்தக் கேள்விகள்.

வேலை இயலாமை என்றால் ஊனம் என்று பொருளா?

இல்லை. ஒருவருடைய உடலாலும் மனத்தாலும் இன்று செய்ய முடிவது ஒரு பக்கம். அவருடைய வேலை அவரிடம் கேட்பது மறுபக்கம். இரண்டும் பொருந்தாமல் போவதுதான் வேலை இயலாமை. முழங்கால் மூட்டு தேய்ந்த இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கணக்கு எழுதுபவர். மற்றவர் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் பதிப்பவர். எக்ஸ்ரேயில் இருவருக்கும் ஒரே அளவு தேய்மானம். முதலாமவர் ஓய்வு வயது வரை வேலை பார்ப்பார். இரண்டாமவருக்கு நாற்பத்தைந்து வயதிலேயே பிழைப்பு போய்விடலாம்.

மருத்துவம் இதில் உடல் என்ற பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. மாத்திரை, பிசியோதெரபி, அறுவை சிகிச்சை எல்லாமே உடலுக்கு. வேலையையும் மாற்றிப் பார்க்கலாமே என்ற யோசனை கடைசியில்தான் வருகிறது, பல இடங்களில் வருவதே இல்லை. எத்தனையோ பேர் தேவையில்லாமல் வேலையை இழப்பது இதனால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாதிப்பு ஏன் ஆரம்பத்திலேயே தெரிவதில்லை?

பல நோய்களுக்குக் காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் கிடக்கின்றன. கல்நார் என்ற ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைச் சுவாசித்தவருக்கு நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே வெளிப்படுகிறது. கல், மணல், கான்கிரீட் தூசியில் இருக்கும் சிலிகாவால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வழக்கமாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டையும் முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இன்று வரை இல்லை. அந்த வேலையை விட்ட பிறகும் சிலிகோசிஸ் முற்றிக்கொண்டே போகலாம்.

காது வேறு மாதிரி ஏமாற்றும். சத்தத்தால் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது உயர்ந்த அலைவரிசைதான். பேச்சு காதில் விழும், ஆனால் ச, ஷ, ஸ போன்ற ஒலிகள் மங்கிவிடும். கூட்டத்தில் யாராவது பேசினால் பிடிபடாது. பாதிக்கப்பட்டவரோ "இந்தக் காலத்துப் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்வார். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பரிந்துரை அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிவிடும்: 88 என்றால் நான்கு மணி நேரம், 94 என்றால் ஒரே ஒரு மணி நேரம். கருவி இல்லாமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் அநேகமாக 85-ஐத் தாண்டியிருக்கும்.

எங்கள் இடத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் இதே வேலையை நன்றாகத்தான் செய்கிறார். அப்படியென்றால் வேலையில் தவறு இல்லைதானே?

அவரைப் பார்ப்பவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவரோடு வேலைக்குச் சேர்ந்த மற்றவர்கள் இப்போது எங்கே என்று கேட்பதில்லை. முதுகு போனவர் வேறு வேலை தேடிப் போயிருப்பார். மூச்சு வாங்க ஆரம்பித்தவர் வீட்டோடு இருப்பார். தாக்குப்பிடித்தவர் மட்டுமே கண்ணில் படுகிறார். இன்று பணியில் இருப்பவர்களை மட்டும் பரிசோதித்தால் எந்த ஆபத்தான தொழிலும் ஆரோக்கியமானதாகவே தெரியும். ஆய்வாளர்கள் இதை 'ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு' என்று சொல்லி, அதற்கேற்பத் தங்கள் கணக்கைத் திருத்திக்கொள்கிறார்கள்.

ஆகவே, ஒரு வேலை உடலை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், அதை விட்டுப் போனவர்களைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள். நிறுவனம் நடத்துபவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

நாள் முழுக்க உடலுழைப்பு. தனியாக உடற்பயிற்சி எதற்கு?

நியாயமான கேள்வி, ஆனால் பதில் பலருக்கும் எதிர்பாராததாக இருக்கும். 1953-இல் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட இதய நோய் அதிகம். உடலசைவு இதயத்துக்கு நல்லது என்ற இன்றைய அறிவு அங்கிருந்துதான் வேர்விட்டது.

ஆனால் பிற்கால ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. ஓய்வு நேரத்தில் ஓடுபவருக்கும் விளையாடுபவருக்கும் ஆயுள் கூடுகிறது. வேலையில் கடுமையாக உழைக்கும் ஆண்களிடமோ பல ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை, சிலவற்றில் முன்கூட்டிய மரணம்கூட அதிகமாக இருந்தது. ஏழ்மை, புகைப்பழக்கம் போன்றவற்றுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் விவாதம் இன்னும் ஓயவில்லை. இருந்தாலும் காரணம் ஓரளவு விளங்குகிறது. உடற்பயிற்சி என்பது கொஞ்ச நேரம், நல்ல வேகம், பிறகு ஓய்வு. சுமை தூக்குவதோ மணிக்கணக்கில் நீளும். இரத்த அழுத்தம் நாளெல்லாம் ஏறியே இருக்கும், களைத்தபோது நிறுத்தும் உரிமை கிடையாது, மறுநாள் காலை உடல் தேறுவதற்குள் மறுபடியும் அதே சுமை. உழைப்பு இருந்தும் தேறுவதற்கு இடைவெளி இல்லாமல் போவதுதான் இங்கே சிக்கல்.

எவ்வளவு எடை தூக்கலாம்?

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த சூத்திரத்தில் உச்ச அளவு 23 கிலோ. இதைக் கேட்டதும் "அப்போ 23 கிலோ வரை பரவாயில்லை" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. எல்லாமே சாதகமாக இருந்தால் மட்டும்தான் அந்த எண்: பொருள் உடலை ஒட்டி இருக்க வேண்டும், இடுப்புக்குப் பக்கத்து உயரத்தில் இருக்க வேண்டும், திரும்பவோ முறுக்கவோ கூடாது, பிடி நன்றாக இருக்க வேண்டும், எப்போதாவது மட்டும் தூக்க வேண்டும். பொருளைப் பிடிக்கும் கைகள் கணுக்காலிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் இருப்பதற்குப் பதில் 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் அந்த 23 கிலோ உடனே 11.5 ஆகிவிடும். தரையிலிருந்து எடுத்தால் இன்னும் குறையும், திரும்பினால் இன்னும் குறையும்.

ஆகவே, "சரியாகக் குனியுங்கள்" என்று ஆட்களுக்கு வகுப்பு எடுப்பதைவிட, பெட்டியை வைக்கும் மேடையை இடுப்பு உயரத்துக்கு ஏற்றுவது பல மடங்கு பயன் தரும். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை.

அதிர்வையும் மறந்துவிட வேண்டாம். உடைக்கும் கருவி, அரைக்கும் கருவிகளைப் பல ஆண்டுகள் பிடித்தவர்களுக்குக் குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். ஆரம்பத்தில் நிறுத்தினால் தேறலாம். விரல் நுனி உணர்ச்சி நிரந்தரமாகப் போய்விட்டால் சட்டைப் பொத்தான் போடுவதுகூடக் கஷ்டம்.

டென்ஷன் எல்லாம் பெரிய பதவியில் இருப்பவர்களுக்குத்தானே?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள், 'எக்ஸிக்யூட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்று அதற்கு ஒரு பெயரே இருந்தது. 1967-இல் பிரிட்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். எல்லோரும் அலுவலகப் பணியாளர்கள், யாரும் பரம ஏழை இல்லை. ஆனாலும் கடைநிலையில் இருந்தவர்கள் இதய நோயால் இறந்த விகிதம், உச்சத்தில் இருந்தவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அது ஏணிப்படி போலச் சீராக ஏறியது, ஒவ்வொரு நிலையும் தனக்கு மேல் நிலையைவிட மோசம். புகைப்பழக்கம், கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தில் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது.

1985-இல் மைக்கேல் மார்மட் தலைமையில், பெண்களையும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு இரண்டாவது ஆய்வு தொடங்கியது. தன் வேலையை எப்படி, எந்த வரிசையில், எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்குச் சொல்ல இடமில்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் என்று அதில் தெரிந்தது.

சமூகவியல் ஆய்வாளர் ராபர்ட் கரசெக் 1979-இல் சொன்ன கருத்தும் இதோடு ஒத்துப்போகிறது. வேலைப்பளு அதிகமாக இருந்தாலும் முடிவெடுக்கும் உரிமை இருந்தால் மனிதர் தாக்குப்பிடிக்கிறார், சில சமயம் அதில் வளரவும் செய்கிறார். பளு அதிகம், உரிமை குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை முறிக்கிறது. 1996-இல் யோஹான்னஸ் சீக்ரிஸ்ட் என்ற இன்னொரு சமூகவியல் ஆய்வாளர் வேறொரு கோணத்தைச் சேர்த்தார். போடும் உழைப்புக்கு ஈடாகச் சம்பளம், மரியாதை, வேலை உத்தரவாதம் ஆகியவை திரும்பி வராதபோதும் உடல் பாதிக்கப்படுகிறது. மரியாதையை அவர் சம்பளத்தோடு ஒரே பட்டியலில் வைத்ததை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஒருவரை நாள்தோறும் எல்லோர் முன்னாலும் திட்டுவதும் ஒரு பணிச்சூழல்தான். தூசியை அளக்கும் அக்கறையோடு அதையும் பார்க்க வேண்டும்.

ஓவர்டைம் எந்த அளவுக்கு மேல் ஆபத்து?

உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 2016-ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இப்படிப்பட்ட மரணங்கள் 7,45,000 என்று கணக்கிட்டார்கள். ஜப்பானில் அதிக வேலையால் வந்த மரணம் என்று இழப்பீடு கோரும்போது, மாதம் 80 மணி நேரக் கூடுதல் வேலை பல மாதங்கள் தொடர்ந்ததா, அல்லது ஒரே மாதத்தில் 100 மணி நேரத்தைத் தொட்டதா என்று பார்க்கிறார்கள்.

இரவு ஷிப்ட்?

சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் இரவு நேர ஷிப்ட் வேலையை 'புற்றுநோயை உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது' என்ற பிரிவில் வைத்தது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே பிரிவில் நிறுத்தியது. சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றோடும் தொடர்பு காணப்படுகிறது. இரவு வேலையே இல்லாமல் மருத்துவமனைகளும் மின் நிலையங்களும் இயங்க முடியாது. அதனால் கவனிக்க வேண்டியது ஷிப்ட் அட்டவணையைத்தான்: தொடர்ச்சியான இரவுகளைக் குறைப்பது, காலை-மாலை-இரவு என்று முன்னோக்கிச் சுற்றுவது, இரண்டு ஷிப்டுகளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் விடுவது.

வெயிலில் வேலை செய்தால் சிறுநீரகம் கெடுமா?

கெடலாம். மத்திய அமெரிக்காவில் நிகரகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடையே, சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத இளைஞர்களுக்குக்கூடச் சிறுநீரகம் செயலிழந்தது. திரும்பத் திரும்ப வரும் வெப்ப அழுத்தமும் நீரிழப்பும் முக்கியக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு இடைவெளி ஆகியவற்றை முறையாகக் கொடுத்த இடங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. செய்து முடித்த அளவுக்குத்தான் கூலி என்று இருந்தால் ஆட்கள் தாமாக ஓய்வெடுக்க மாட்டார்கள் என்பதால், இடைவெளியைக் கட்டாயமாக்கினால்தான் வேலைக்கு ஆகும்.

பர்ன்அவுட் ஒரு நோயா?

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு அதை நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, திறன் குறைவதாக உணர்வது. ஆனால் அதன் அடியில் மனச்சோர்வு நோய் ஒளிந்திருக்கலாம். லீவிலும் மனம் தேறவில்லை, தூக்கமும் பசியும் போய்விட்டன, வாழப் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் உடனே போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

முகக்கவசமும் கையுறையும் கொடுத்துவிட்டோம். போதாதா?

போதாது. முதலில் ஆபத்தையே அகற்ற முடியுமா, அடுத்து பாதுகாப்பான வேறு பொருளை வைக்க முடியுமா, பிறகு இயந்திர மாற்றம், அப்புறம் வேலை முறை மாற்றம், கடைசியில்தான் தனிநபர் கவசம். இதுதான் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்ட வரிசை. கவசம் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. வெக்கையில் அதைக் கழற்றிவிடுவார்கள், முகத்தோடு பொருந்தாது, தாடி இருந்தால் ஓரத்தில் காற்று நுழையும். வெட்டும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சினால் தூசி கிளம்பும் முன்பே அடங்கிவிடும், அதை யாரும் கழற்றி வைக்க முடியாது.

சமையலறை மேடைகளுக்குப் பயன்படும் செயற்கைக் கல் பலகைகளில் சிலிகா மிக அதிகம். அவற்றை வெட்டிய இளம் தொழிலாளர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே கடும் சிலிகோசிஸ் வந்தது. கவசமும் விதிமுறைகளும் போதாது என்று கண்ட ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடை செய்தது. வரிசையின் முதல் படியை ஒரு நாடே எடுத்த நல்ல உதாரணம் அது.

வேலையே இல்லாமல் இருப்பதைவிட, மோசமான வேலையாவது மேல் இல்லையா?

வருமானத்தைப் பார்த்தால் ஆம், அதை யாரும் லேசாகப் பேச முடியாது. மனநலத்தைப் பார்த்தால் எப்போதும் அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் 2011-இல் வெளியான ஆய்வில், மிக மோசமான வேலையில் சேர்ந்தவர்களின் மனநலம், வேலையில்லாமலே இருந்தவர்களைவிடக் கீழே போனது. நல்ல வேலை கிடைத்தவர்களுக்குத்தான் தேறியது. வேலை தேடித் தரும் திட்டங்கள் எந்த மாதிரி வேலை என்றும் கேட்க வேண்டும்.

முழுதாகக் குணமான பிறகுதான் வேலைக்குத் திரும்ப வேண்டுமா?

பெரும்பாலான முதுகுவலிக்கும் மூட்டு, தசை வலிகளுக்கும் அப்படிக் காத்திருப்பது கெடுதல். விலகியிருக்கும் காலம் நீள நீளத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது. தசை தளர்கிறது, பயம் வளர்கிறது, "என்னால் இனி முடியாது" என்ற எண்ணம் கெட்டியாகிறது. அதற்காக நேராகப் பழைய வேலைக்கே தள்ளுவதும் தவறு. தேவைப்படுவது மாற்றிய வேலை: குறைந்த நேரம், லேசான பணி, வேறு உயரத்தில் மேசை, சில வாரங்களுக்கு.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் முதுகுவலியால் நான்கு வாரங்களுக்கு மேல் வேலைக்கு வராதவர்களை வைத்து பாட்ரிக் லுவாசெல் குழு ஆராய்ந்து 1997-இல் வெளியிட்டது. சிகிச்சையோடு வேலையிடத்துக்கே போய்த் தொழிலாளி, மேற்பார்வையாளர், நிபுணர் மூவரும் சேர்ந்து வேலையைத் திருத்தியபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு வேகமாகப் பழைய வேலைக்குத் திரும்பினார்கள். அந்தப் பலனில் பெரும்பங்கு வேலையிடத்தில் செய்த மாற்றத்துக்குத்தான். நோயைச் சரிசெய்ய எவ்வளவோ செலவழிக்கிறோம். வேலையிடத்துக்குப் போய் அரை நாள் நின்று பார்க்க மட்டும் ஆள் அனுப்புவதில்லை.

ஊழியர் நீண்ட லீவில் இருக்கிறார். மேலாளராக நான் என்ன செய்வது?

முதல் வாரத்திலேயே போன் செய்யுங்கள். எப்போது வருவீர்கள் என்று கேட்க வேண்டாம், எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள். நோயின் பெயரோ மருத்துவ அறிக்கையோ உங்களுக்குத் தேவையில்லை. எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை, வேலையில் எதை மாற்றினால் முடியும் என்ற மூன்று பதில்கள் போதும். உடன் வேலை செய்பவர்களிடமும் பேசிவிடுங்கள். திரும்பி வந்தவரின் பங்கும் தங்கள் தலையில் விழுகிறது என்று அவர்கள் நினைத்தால் எவ்வளவு நல்ல திட்டமும் இரண்டு வாரத்தில் உடைந்துவிடும்.

காய்ச்சலோடும் வலியோடும் வேலைக்குப் போவது பொறுப்புணர்ச்சிதானே?

லீவு எடுத்தால் சம்பளம் போகும் என்பதால்தான் பலர் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடிக்கடி அப்படிப் போனவர்கள் பின்னால் நீண்ட விடுப்பில் விழும் வாய்ப்பு கூடுதல் என்று டென்மார்க்கில் ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பைச் செலவு என்று நினைக்கும் முதலாளிகள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் நிலை மோசமாகிறதா என்று முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஃபின்லாந்தின் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1980-களில் ஒரு கேள்வித்தாளை உருவாக்கியது. அதன் முதல் கேள்வி மட்டுமே நல்ல பயன் தருகிறது. உங்கள் வாழ்நாளில் வேலைத்திறன் மிகச் சிறப்பாக இருந்த காலத்துக்குப் பத்து மதிப்பெண் என்றால், இன்று எத்தனை? பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள். இந்த எண் பின்னால் வரப்போகும் நீண்ட விடுப்பையும் இயலாமை ஓய்வூதியத்தையும் ஓரளவு முன்கூட்டிக் காட்டுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால், நிற்க முடியாத நாள் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வேலையில் எதை மாற்றலாம் என்று பேசுங்கள். ஒன்பதிலிருந்து ஏழுக்கு வந்தவருக்கு உதவுவது எளிது, மூன்றுக்கு வந்தவருக்கு மிகக் கடினம்.

ஓய்வு பெற்றுவிட்டேன். இனி இதெல்லாம் எனக்கு எதற்கு?

உங்களுக்குத்தான் மிகவும் தேவை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி நூல் எழுதியபோது, நோயாளியிடம் "நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்றும் கேட்க வேண்டும் என்று மருத்துவர்களுக்குச் சொன்னார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் பல இடங்களில் அந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கேட்டாலும் "ஓய்வு பெற்றவர்" என்று எழுதி அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள்.

அதனால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ன வேலை, எந்தத் தூசி, எந்த ரசாயனம், எவ்வளவு சத்தம், கவசம் இருந்ததா, கூட வேலை செய்தவர் யாருக்காவது நுரையீரல் நோயோ புற்றுநோயோ வந்ததா. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது அந்தத் தாள் மருத்துவர் கையில் இருந்தால், காசநோய் என்று நினைத்துத் தவறான சிகிச்சை கொடுக்கும் ஆபத்து குறையும். பல நாடுகளில் தொழில்நோய் இழப்பீட்டுக்கு ஓய்வு பெற்ற பிறகும் விண்ணப்பிக்கலாம், நோய் கண்டறியப்பட்ட தேதியிலிருந்து காலக்கெடு எண்ணப்படும் இடங்களும் உண்டு. ஆகவே நோயறிக்கை கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமோ அந்தக் கெடுவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கி எறிய வேண்டாம்.